நாலு மாடும் ஒரு ட்ரெய்லரும்

ஐம்பத்து நான்காவது வயதில் செதுன்யா மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். தோளில் தடித்த கம்பளி, தலையில் கட்டிய துணி, கீழே ஒரு பாய். லெஹுதுது கிராமத்தில், கோடை உச்சத்தில் இருக்கும் டிசம்பர் மாதத்து மதியத்தில், தகரக் கூரைக்குக் கீழே கம்பளி போர்த்தி உட்காருவது என்றால் என்னவென்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அது தோளிலிருந்து கொஞ்சம் நழுவினால்கூட, வாசலை அடைத்து உட்கார்ந்திருந்த கபாக்கே அத்தை தொண்டையைச் செருமினாள்.

“புருஷன் எத்தன மணிக்கு வீட்டுக்கு வந்தாலும், எங்க போயிட்டு வர்றீங்கன்னு கேக்கக் கூடாது” என்றாள் அத்தை. இது அன்றைக்கு எட்டாவது புத்திமதி.

“நான் முப்பத்தோரு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை.”

“அதான் உனக்கு இன்னும் மாடு வரல.”

சுவரோரம் எண்ணெயில் பொரித்த மக்வின்யா உருண்டைகளைத் தின்றுகொண்டிருந்த செகோ சின்னம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. எண்ணெய்க் கையாலேயே நெஞ்சைத் தட்டிக்கொண்டாள்.

பெண்ணுக்காக மாப்பிள்ளை வீட்டார் தர வேண்டிய மாடு வராததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. செதுன்யாவும் மொராபெடியும் காங் ஊரில் குடித்தனம் தொடங்கிய வருஷம் வறட்சி. மறு வருஷம் மொராபெடியின் அம்மா செத்துப்போனாள். பிறகு அவருக்கு வேலை போனது. பிறகு பிள்ளைகள் மூன்று பேரும் வரிசையாகப் பள்ளிக்கூடம் போனார்கள். அதற்கப்புறம் இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஊர் அவளை வரோனா அம்மா என்றது, அவரை வரோனா அப்பா என்றது. வாழ்க்கைக்கு அது போதுமாகத்தான் இருந்தது.

ஆனால் மகள் வரோனாவுக்கு இந்தச் சனிக்கிழமை மாடு வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் ஆறு மாதத்துக்கு முன்பே நாள் குறித்துவிட்டார்கள். அப்போதுதான் செதுன்யாவின் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மாவுக்கு மாடு வராத வீட்டில் மகளுக்கு வரும் மாட்டை யார் கை நீட்டி வாங்குவது என்று கேட்டார். கேள்வியில் கோபமே இல்லை. பதிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் செதுன்யாவுக்கு நாலு மாடு வர வேண்டும். வெள்ளிக்கிழமை சூரியன் எழுவதற்கு முன்னால் அவை அண்ணன் வீட்டுப் பட்டிக்குள் கால் வைக்க வேண்டும். அது நடக்காவிட்டால் சனிக்கிழமையும் நடக்காது.

இன்று வியாழக்கிழமை. மொராபெடி பிக்கப்பில் ட்ரெய்லரைக் கோத்து, நாலு மாட்டையும் ஏற்றிக் காங்கிலிருந்து கிளம்பியிருந்தார். கூட அவருடைய தம்பி தீரோ. செதுன்யா இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் மாடுகளை இறக்கிக் கட்டிவிட்டு மொராபெடி அங்கேயே நின்றுவிட வேண்டும். விடியலில் அவருடைய மாமன்மார் மாடுகளை ஓட்டி வருவார்கள். அதுவரை மாப்பிள்ளையும் பெண்ணும் பார்க்கவும் கூடாது, பேசவும் கூடாது. செதுன்யாவின் கைப்பேசி அதனால்தான் அத்தையின் மடியில் இருந்தது.

மூன்றரை மணிக்கு அது அடித்தது.

அத்தை அதைத் தூரப் பிடித்துப் பெயரைப் படித்தாள். “மாப்பிள்ளை” என்றாள். அறுபது வயது மொராபெடியை அந்த வார்த்தையால் கூப்பிடுவதில் காலையிலிருந்து அவளுக்கு ஒரு தனி ருசி. காதில் வைத்துக் கேட்டாள். முகம் மெல்ல மாறியது.

“போலீஸ் மறிச்சுட்டாங்களாம். ட்ரெய்லர் லைட்டு சரியில்லையாம்.”

செதுன்யா கம்பளிக்குள் நிமிர்ந்தாள். அது அவளுடைய ட்ரெய்லர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பண்ணை ஏலத்தில் தன் காசில் வாங்கியது. அதில் தீவன மூட்டை ஏற்றினாள், விறகு ஏற்றினாள், ஊரார் ஆடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோனாள். வழியில் லைட்டு எரியாமல் நின்ற ஒவ்வொரு முறையும் தானே கீழே படுத்துப் பார்த்துப் பழகியவள். பிளக்கிலிருந்து கடைசி பல்பு வரை எல்லா ஒயரையும் இரண்டு தடவை மாற்றியிருந்தாள். வண்டிச்சாவியை வாங்கி ஓட்டுவதற்கு மேல் மொராபெடிக்கு அதில் எதுவும் தெரியாது.

“போனக் குடுங்க அத்தை.”

“குடுக்க மாட்டேன்.”

“மாடு நாலும் வெயில்ல நிக்குது. மாடு கொண்டுவர்ற பெர்மிட்டுல இன்னைக்குத் தேதிதான் போட்டிருக்கு. பொழுது சாஞ்சா மாடு ஏத்தின வண்டி ரோட்டுல நகரக் கூடாது.”

அத்தை யோசித்தாள். செகோ சின்னம்மாவைப் பார்த்தாள். சின்னம்மா தோளைக் குலுக்கினாள்.

“நீ பேசக் கூடாது” என்றாள் அத்தை முடிவாக. “எங்கிட்டச் சொல்லு. நான் சொல்றேன்.”

அப்படித்தான், எழுபத்தாறு வயதில், வாழ்நாளில் ஒரு டார்ச்சுக்குக்கூடத் தானாகப் பேட்டரி போட்டிராத கபாக்கே அத்தை ட்ரெய்லர் ஒயரிங் பார்க்கத் தொடங்கினாள்.

“என்ன பண்ணுதுன்னு கேளுங்க. முதல்ல பிக்கப் லைட்டெல்லாம் நல்லா எரியுதா?”

“பிக்கப்பு எரியுதா மாப்பிள்ளை? லைட்டச் சொல்றேன்... எரியுதாம். வண்டியில ஒரு குறையும் இல்லையாம். பின்னாடி இருக்கறதுதான் கூத்தடிக்குதாம்.”

“என்ன கூத்து?”

அத்தை கேட்டு, அப்படியே ஒப்பித்தாள். பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட்டோடு இண்டிகேட்டரும் மற்றதும் மங்கலாக மினுங்குகிறது. சின்ன லைட்டைப் போட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்தால் எல்லாமே அணைந்துவிடுகிறது. தீரோ இரண்டு பல்பை மாற்றிப் பார்த்துவிட்டான். பிளக்கைப் பிடுங்கி ஊதி, பின்னை எல்லாம் கத்தி முனையால் லேசாக அகட்டித் திரும்பச் செருகியும் ஆயிற்று. காங்கில் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்ததாம்.

“சரி. எர்த்துதான்” என்றாள் செதுன்யா.

“எது?”

“கரண்டு போறதுக்கு ஒரு ஒயர் இருக்கு அத்தை. வேலையை முடிச்சுட்டுத் திரும்பி வர இரும்புதான் வழி. அந்த வழி அடைச்சுப்போச்சுன்னா, அது பக்கத்து பல்புக்குள்ள புகுந்து சுத்திக்கிட்டு வரப் பாக்கும். அதான் எல்லாம் மினுங்குது.”

“வீட்டுக்கு நேரா வராம கண்ட இடத்துல புகுந்து சுத்துதா” என்றாள் அத்தை. “ஓட்டறது யாருன்னு தெரியுது.” பிறகு கைப்பேசியில், “உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம் மாப்பிள்ளை. லைன்லயே இருங்க” என்றாள்.

செதுன்யா சொல்லச் சொல்ல அத்தை சொன்னாள். சீட்டுக்குப் பின்னால் ஒரு நீள ஒயர் சுருட்டி வைத்திருக்கிறது. ஒரு முனையைப் பிக்கப்பின் பம்பர் போல்டில் கட்ட வேண்டும். மறு முனையை ட்ரெய்லரின் சட்டத்து போல்டில், துருவைச் சுரண்டிவிட்டு, அழுத்திப் பிடிக்க வேண்டும். லைட்டு சரியாகிவிட்டால், அடைத்துக்கொண்ட வழி எதுவென்று தெரிந்துவிடும்.

காத்திருந்தார்கள். எங்கோ ஒரு மாடு கத்துவது கைப்பேசி வழியாக இந்த அறைக்குள் வந்தது. தனக்கு வரும் மாடு, தன்னிடம் வருவதற்கு முன்னால், அத்தையின் காதுக்குள் கத்துகிறது என்று செதுன்யாவுக்குத் தோன்றியது. கழுத்தில் வியர்வை வழிந்தது.

“பண்ணிட்டாராம். ஒரு மாத்தமும் இல்லையாம்.”

“நல்லாச் சுரண்டினாரா?”

“சுரண்டினீங்களான்னு கேக்கறா... பளபளன்னு இரும்பு தெரியற மாதிரி சுரண்டினாராம்.”

செதுன்யாவுக்கு இது புரியவில்லை. சட்டம் பிக்கப்போடு சேர்ந்துவிட்டால் எர்த்து வந்துதானே ஆக வேண்டும்? லைட்டு ஒவ்வொன்றும் சட்டத்தில்தான் போல்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் போல்டுகளைப் போன குளிர்காலத்தில் அவளே கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டியிருந்தாள். அங்கே கோளாறு வர வழியே இல்லை.

அப்படியானால் ஒயரே எங்கோ அறுந்து ஒன்றோடொன்று உரசுகிறதா? சட்டத்துக்கு அடியில் ஒயரெல்லாம் கூடும் சின்னப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னாள். தீரோ மல்லாந்து படுத்துத் திறந்தான். மண் நிறைய இருந்தது. ஒரு சிலந்தி இருந்தது. அறுந்தது எதுவும் இல்லை. கரும்புள்ளி, உருகிய தோல், ஒன்றும் இல்லை. ஒயர் போகும் வழி முழுக்க விரலால் தடவிப் பார்க்கச் சொன்னாள். அதுவும் நன்றாக இருந்தது. இதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

அண்ணன் ஒரு தடவை வாசலில் எட்டிப் பார்த்தார். “மாடு எங்க வந்துக்கிட்டிருக்கு?”

“வந்துக்கிட்டிருக்கு” என்றாள் அத்தை, கைப்பேசியைப் பாவாடை மடிப்புக்குள் அழுத்திக்கொண்டு. அவர் போன பிறகு, “நாளைக்குச் சூரியன் வந்தப்புறம் மாடு வந்தா உங்கண்ணன் வாங்க மாட்டான். தெரியும்ல?” என்றாள். கேலி இல்லாத குரல். “வரோனாகிட்ட யாரு சொல்றது?”

வரோனா சனிக்கிழமைக்கென்று நீலத்துணியில் தைத்து வைத்திருக்கும் உடுப்பு, காங்கில், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் தூசி படாமல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திவிட்டு வந்தது செதுன்யாதான்.

மணி ஐந்து. மாடுகளுக்கு வாளியில் தண்ணீர் காட்டினார்கள் என்று அத்தை சொன்னாள். ஒன்று படுத்துக்கொள்ளப் பார்க்கிறது என்றும் சொன்னாள்.

“போலீஸ்காரரு விடவே மாட்டாராமா?” என்று செகோ சின்னம்மா கேட்டாள். “கல்யாண மாடுன்னு சொல்லச் சொல்லு.”

“சொல்லியாச்சாம். அந்தப் பையனுக்கு நம்ம வரோனாவவிடச் சின்ன வயசாம். கை குலுக்கி வாழ்த்து எல்லாம் சொன்னானாம். ஆனா லைட்டு எரியாம நகரக் கூடாதாம்.” அத்தை கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். “இன்னும் என்னமோ சொல்லிச் சிரிக்கறான் பக்கத்துல... இவ்வளவு அழகா, புதுப்பச்சையா இருக்கற ட்ரெய்லர நிறுத்தி வைக்க அவனுக்கே மனசு வரலையாம்.”

செதுன்யா தலையைத் தூக்கினாள்.

“என்ன கலரு?”

“பச்சைங்கறான்.”

“என் ட்ரெய்லரு பச்சை இல்ல.”

“துருப்பிடிச்ச செவப்புதானே?” என்றாள் சின்னம்மா. “நான் பாத்திருக்கேனே.”

செதுன்யா எழுந்தாள். கம்பளி ஒரு பக்கம் சரிந்து தரையில் விழுந்தது. இரண்டு எட்டில் வாசலுக்குப் போய் அத்தையின் காதிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். அத்தை வாயைத் திறந்தபடி இருந்தாள். சின்னம்மா மக்வின்யாத் தட்டைக் கீழே வைத்தாள்.

“வரோனா அப்பா. ட்ரெய்லர என்ன பண்ணீங்க?”

அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்து போவது மட்டும் கேட்டது.

“நீ பேசக் கூடாதே” என்றார் மொராபெடி கடைசியாக.

“என்ன பண்ணீங்கன்னு கேக்கறேன்.”

“பெயிண்டு அடிச்சேன். போன வாரம், நீ அங்க போனப்புறம். நாளைக்குக் காலைல நீ பாக்கறப்போ...” அவர் நிறுத்தினார். “அந்தத் துருப்பிடிச்சதுலயா உனக்கு மாடு கொண்டுவர்றது?”

“எப்படி அடிச்சீங்க? லைட்டு மேலயும் பூசிட்டீங்களா?”

“நான் என்ன கிறுக்கனா?” அவர் குரலில் ரோஷம் வந்துவிட்டது. “எல்லா லைட்டையும் கழட்டித்தான் அடிச்சேன். ஒரு சொட்டு கண்ணாடில படல. லைட்டு உக்கார்ற தகடு, போல்டு ஓட்டை, உள்பக்கம் எல்லாம் ரெண்டு கோட்டிங் குடுத்து, நல்லாக் காயவெச்சு, அப்புறம்தான் மாட்டினேன்.”

செதுன்யா கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது அப்படியே தெரிந்தது. மொராபெடி எதையும் அரைகுறையாகச் செய்யும் ஆள் இல்லை. அதில்தான் சிக்கல். வேறு யாராவது இருந்தால் லைட்டைச் சுற்றிப் பூசி, பின்பக்கத்தை விட்டிருப்பான். வண்டியும் ஒழுங்காக எரிந்திருக்கும். இவர் ஒரு விரல் இரும்புகூடத் தெரியாதபடி, லைட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில், அழகாக, மொழுமொழுவென்று பச்சையைப் பூசி வழியை அடைத்திருக்கிறார். சட்டத்தில் ஒயரைப் பிடித்தபோது ஒன்றும் ஆகாததும் அதனால்தான். பிக்கப்பிலிருந்து சட்டம் வரை வழி திறந்துதான் இருந்தது. சட்டத்திலிருந்து லைட்டுக்குத்தான் இல்லை. கிளம்பும்போது எங்கோ ஒரு போல்டு மரை பெயிண்டைக் கீறிக்கொண்டு தொட்டுக்கொண்டிருந்திருக்கும். வழியில் குலுங்கி அதுவும் விட்டுப்போயிருக்கும்.

“சரி. கேளுங்க. அந்த நீள ஒயரு இன்னும் பம்பர்ல கட்டியிருக்கா? மறு முனைய சட்டத்துல வைக்காதீங்க. லைட்டோட பின்தகட்டுல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். லைட்டோட சொந்த ஸ்க்ரூ. அதைத் தொடுங்க. தீரோவ பிரேக்க மிதிக்கச் சொல்லுங்க.”

சரளையில் காலடிச் சத்தம். தீரோவின் பெயரைக் கூப்பிடும் சத்தம். பிறகு மொராபெடி மூச்சு விட்டார்.

“எரியுது” என்றார். “செவப்பா, முழுசா எரியுது.”

“ரெண்டு லைட்டையும் கழட்டுங்க. போல்டு உக்கார்ற இடத்தச் சுத்தி, முன்னாடியும் பின்னாடியும், இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டுங்க. லைட்டோட தகட்டுலயும் பெயிண்டு ஒட்டியிருந்தா சுரண்டுங்க. இறுக்கி மாட்டுங்க. அவ்வளவுதான்.”

அவர் விரலால் தகட்டைத் தட்டிக்கொண்டே இருப்பது கேட்டது.

“என்ன?”

“புதுப் பெயிண்டு” என்றார்.

“சுரண்டுங்க வரோனா அப்பா.”

“ஏலத்துல ஒரு பச்ச ட்ரெய்லரு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீ அதத்தான் கேட்ட. வேற யாரோ எடுத்துட்டுப் போயிட்டான். அதே பச்சைதான். மூணு கடை ஏறி இறங்கினேன்.”

செதுன்யாவுக்கு ஞாபகம் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஏலத்திடலில், வெயிலில், அது ஒரு பெரிய இலையைப் போல நின்றது. வீடு திரும்பும்போது ஒரே ஒரு தடவை, அது நன்றாக இருந்தது என்று சொன்னாள். அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. அவர் அப்போது ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“போல்டு ஓட்டையச் சுத்தி ரெண்டு விரக்கட சுரண்டினா பச்சை போயிடாது” என்றாள். “சீக்கிரம். மணி அஞ்சரை ஆகப்போகுது.”

கைப்பேசியை அத்தையின் மடியில் வைத்தாள். கம்பளியைத் தரையிலிருந்து எடுத்து, உதறி, தோளில் போர்த்திக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள்.

“நீ மாப்பிள்ளைகிட்டப் பேசிட்டே” என்றாள் அத்தை.

“பேசிட்டேன்.”

“உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா அதுக்குன்னு தனியா ஒரு ஆடு கேப்பான்.”

“சொல்லப் போறீங்களா?”

அத்தை கைப்பேசியைப் பார்த்தாள், செதுன்யாவைப் பார்த்தாள். “ஆட்டுல எனக்கு என்ன பங்கு வந்துடப் போகுது” என்றாள். பிறகு, “அந்த ஸ்க்ரூவ எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேட்டாள்.

ஆறு மணிக்குத் தீரோவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. போலீஸ்காரர் இடது, வலது, பிரேக், சின்ன லைட்டு, எல்லாம் சேர்த்து என்று ஐந்து தடவை பார்த்துவிட்டுத்தான் கையை அசைத்தாராம். அத்தை அதைச் சத்தமாகப் படித்தாள். ‘எல்லாம் சேர்த்து’ என்ற இடத்தில் நிறுத்தி, விஷயம் தெரிந்தவள் போல் தலையசைத்தாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. புத்திமதிகள் ஒன்பதும் பத்தும் வந்தன. சின்னம்மா தேநீர் போட்டுக் கொடுத்தாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, வேலிக்கம்பியில் ஏறி நின்றது. செதுன்யாவின் காது மட்டும் ரோட்டிலேயே இருந்தது. போன வண்டிகளை எல்லாம் சத்தத்தை வைத்தே கழித்துக்கொண்டிருந்தாள். காலி லாரி. கடைக்காரன் வேன். யாரோ அவசரக்காரன்.

சூரியன் இன்னும் ஒரு கை உயரம் மிச்சமிருக்கும்போது அவளுக்குத் தெரிந்த சத்தம் வந்தது. பளு இழுக்கும் என்ஜின், அதற்குப் பின்னால் ட்ரெய்லர் கதவின் தளர்ந்த கொக்கி தட்டுவது. அந்தக் கொக்கிக்குப் பெயிண்ட் ஒன்றும் செய்துவிடவில்லை.

“எழுந்திருக்காத” என்றாள் அத்தை. ஆனால் வாசலிலிருந்து தன் நாற்காலியை ஒரு சாண் நகர்த்திக்கொண்டாள்.

பாயில் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டினால் ஜன்னலின் கீழ்மூலையில் பக்கத்து வீட்டு வேலி தெரிந்தது. பிக்கப் மெதுவாகத் திரும்பி உள்ளே நுழைந்தது. பின்னாலேயே ட்ரெய்லர். சாயும் வெயிலில் அது பச்சையாக இருந்தது. அவள் எதிர்பார்த்ததைவிடப் பச்சை. கம்பிகளுக்கு நடுவில் ஒரு கொம்பு, ஒரு காது, ஒரு பழுப்பு முதுகு. லைட்டைச் சுற்றி இரண்டு இடத்தில் இரும்பு வெள்ளையாக மின்னியது.

வண்டி நின்றது. மாடுகளை இறக்க யாரோ ஓடினார்கள். ஆனால் மொராபெடி இறங்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் இடது இண்டிகேட்டர் எரிந்தது. மூன்று தடவை எரிந்து அணைந்தது. அப்புறம் வலது, மூன்று தடவை. அப்புறம் சின்ன லைட்டு. அது எரியும்போதே பிரேக் லைட்டும் சேர்ந்தது. இரண்டு பக்கமும் சிவப்பாக, முழுதாக.

“என்ன பண்றான் அவன்?” என்றாள் அத்தை. “ஊரு வந்து சேந்தப்புறமும் எதுக்கு லைட்டப் போட்டு அணைக்கறான்?”

“செக் பண்றாரு” என்றாள் செதுன்யா.

பிரேக் லைட்டு இன்னும் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருந்தது. அவள் அது அணையும்வரை பார்த்தாள். பிறகு கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பதினோராவது புத்திமதியைக் கேட்க அத்தையின் பக்கம் திரும்பினாள்.